நீராவியும் நீதிமன்றமும்

இங்கிலாந்தில் எலிசபெத் அரசியார் காலத்தில், அரண்மனையின் தயவைப் பெற்றவர்களுக்கு உப்பு, சீட்டுக்கட்டு முதலிய பொருள்களின்மீது ஏகபோக உரிமை வழங்கப்பட்டு வந்தது. பொருள்களின் விலை ஏறிற்று, மக்கள் வெகுண்டனர். 1624-ஆம் ஆண்டில் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றி இவ்வுரிமைகளை ஒழித்தது. ஆயினும் ஒன்றை விட்டுவைத்தது. புதிய செய்பொருள் ஒன்றை உண்மையாகவும் முதன்முதலாகவும் கண்டவர்க்கு 14 ஆண்டுக் காலம் தனியுரிமை அளிக்கலாம் என்பதே அது. பதினான்கு என்ற கணக்கு எங்ஙனம் வந்தது? தொழில் பயில்வோன் ஆசானிடம் 7 ஆண்டு தங்குதல் அக்கால வழக்கு. இரண்டு தொகுதி மாணாக்கர் பயின்று வெளியேறும் காலத்தை அளவாகக் கொண்டனர் என்பர். அச்சட்டத்தை இயற்றியவர்களின் கண்முன் நின்றவை தறியும் கண்ணாடி உலையும் சாயத்தொட்டியுமே. இயந்திர யுகம் இன்னும் பிறக்கவில்லை.

மாணவ நேயர்களே! கைத்தொழிலுக்கென வகுத்த இச்சட்டம் நீராவியை எதிர்கொண்டபோது என்ன ஆயிற்று என்பதே நாம் காணவிருக்கும் வரலாறு.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்து கொடுத்துவந்த ஜேம்ஸ் வாட் என்பாரிடம், 1763-64-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், நியூகோமன் இயந்திரத்தின் சிறு மாதிரி ஒன்று பழுதுபார்க்க வந்தது. அவ்வியந்திரத்தில் ஒரே உருளைக்குள் நீராவியைச் செலுத்துவர். பின் அவ்வுருளையிலேயே குளிர்ந்த நீரைத் தெளித்து ஆவியைச் சுருங்கச் செய்வர். ஒவ்வொரு முறையும் உருளை சூடாகிக் குளிர்ந்து மீண்டும் சூடாக வேண்டும். நிலக்கரியின் பெரும்பகுதி வீணாயிற்று. ஆவியைத் தனியான வேறொரு கலத்தில் குளிரச் செய்தால் உருளை எப்போதும் சூடாகவே இருக்குமன்றோ? 1765-இல் வாட்டுக்குத் தோன்றிய எண்ணம் இதுவே. சொல்லக் கேட்டால் எளிது. ஆனால் அதுவரை ஐம்பது ஆண்டுகளாக எவருக்கும் தோன்றவில்லை.

1769-இல் அவர் காப்புரிமை பெற்றார். எண்ணத்தை இயந்திரமாக்கும் முன்பே காலம் கரைந்தது. உதவி செய்த பங்காளி 1773-இல் நொடித்துப் போனார். பின்னர் பர்மிங்காம் நகரத்து மாத்யூ போல்ட்டன் கைகொடுத்தார். 14 ஆண்டு போதாது எனப் பார்லிமெண்டை வேண்டி, 1775-இல் தனிச்சட்டம் ஒன்றின் வாயிலாக உரிமையை 1800 வரை நீட்டித்துக்கொண்டனர். சட்டத்தின் காலக்கணக்கு புதிய தொழிலுக்கு இடம் கொடுத்து வளைந்தது இங்கேதான்.

கார்ன்வால் பகுதியில் செம்பும் வெள்ளீயமும் உண்டு; நிலக்கரி இல்லை. சுரங்கத்து நீரை இறைக்கும் இயந்திரங்களுக்குக் கரி கடல்வழியே வரவேண்டும். ஆதலின் வாட்டின் இயந்திரத்தை அங்கே ஆவலுடன் ஏற்றனர். பழைய இயந்திரத்தோடு ஒப்பிட மிஞ்சும் கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு போல்ட்டனுக்கும் வாட்டுக்கும் உரியது. இயந்திரம் எத்தனை முறை அசைந்தது என்பதைக் கணக்கிட, பூட்டிய பெட்டிக்குள் எண்கருவி ஒன்றும் வைத்தனர். முதலில் மகிழ்ந்த சுரங்கத்தார் நாளடைவில் இதனைக் கப்பமென்று கருதலாயினர். எட்வர்ட் புல், ஜொனாதன் ஹார்ன்புளோவர் போன்ற பொறியாளர்கள் தம் வழியில் இயந்திரங்களை அமைத்தனர். வழக்குகள் மூண்டன. சுவையான செய்தி யாதெனில், இதே வாட், சக்கரத்தைச் சுழற்றும் வளைதண்டுக்கு 1780-இல் பிறர் காப்புரிமை பெற்றுவிட்டமையால், அதனைத் தவிர்த்து 1781-இல் சூரியனைக் கோள் சுற்றுவது போன்ற பற்சக்கர அமைப்பை மேற்கொள்ள நேர்ந்தது!

நீதிமன்றத்தில் எழுந்த வினா ஆழமானது. வாட் தம் விண்ணப்பத்தில் படம் எதுவும் வரைந்து காட்டவில்லை. நீராவியையும் கரியையும் சிக்கனப்படுத்தும் ஒரு ‘முறை’ என்றே எழுதியிருந்தார். 1624-ஆம் ஆண்டுச் சட்டமோ ‘செய்பொருள்’ என்று கூறுகிறது. முறை என்பது செய்பொருளாகுமா? இயற்கையின் தத்துவம் ஒன்றை ஒருவர் தமதென்று வேலியிட்டுக் கொள்ளலாமா? 1795-இல் நீதிபதிகள் நால்வரில் இருவர் ஆம் என்றனர். இருவர் அன்று என்றனர். 1799-இல் மற்றொரு மன்றம் ஒருமனதாக வாட் பக்கம் தீர்ப்பளித்தது. உரிமை முடிய ஓராண்டே எஞ்சியிருந்தது. சட்டத்தின் சொல் மாறவில்லை. சொல்லின் பொருள் விரிந்தது.

வாட்டின் உரிமை வளர்ச்சியைத் தடுத்ததா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒத்த கருத்தினர் அல்லர். உயர் அழுத்த நீராவியை வாட் விரும்பவில்லை என்பதும், உரிமை முடிந்தபின் 1802-இல் ரிச்சர்ட் டிரெவிதிக் அத்தகைய இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார் என்பதும் உண்மை. கார்ன்வால் பொறியாளர்களோ 1811 முதல் தம் இயந்திரங்களின் திறனை மாதந்தோறும் வெளியிட்டு ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனர். அவர்களுட் பெரும்பாலோர் காப்புரிமையை நாடவேயில்லை. கரிச்சிக்கனம் அதன்பிறகும் வியக்கத்தக்க அளவு முன்னேறியது.

முறையா, பொருளா என்ற வினா ஏறத்தாழ எண்பது ஆண்டு கழித்து இரசாயனத் துறையில் தலைகீழாக எழுந்தது. 1877-ஆம் ஆண்டு ஜெர்மானியச் சட்டம், இரசாயனப் பொருளுக்கு உரிமை இல்லை, அதனை ஆக்கும் முறைக்கே உண்டு என்றது. வேறு முறை காண்போர்க்கு வழி திறந்திருந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக விளங்கிய என். இராஜகோபால அய்யங்கார், 1959-இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையில் இந்த அனுபவத்தை ஆராய்ந்தார். நம் நாட்டில் அளிக்கப்பட்ட உரிமைகளிற் பெரும்பகுதி அயல்நாட்டார் கையில் இருப்பதைச் சுட்டினார். அதன்வழி வந்த 1970-ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துப் பொருளுக்கு உரிமையை மறுத்து, செய்முறைக்கு மட்டும் குறுகிய காலம் அளித்தது. இந்திய மருந்துத் தொழில் ஓங்கியமைக்கு இதுவே தலையாய காரணம் என்பது என் கருத்து.

உலக வாணிக உடன்படிக்கையின் விளைவாக 2005-இல் மருந்துப் பொருளுக்கும் உரிமை மீண்டது. ஆனால் அறிந்த பொருளின் புது வடிவம் பயனில் மேம்படாவிடின் உரிமை இல்லை என்ற விதியும் உடன் சேர்ந்தது. இரத்தப் புற்றுநோய் மருந்து ஒன்றின் புதிய படிக வடிவுக்காக நோவார்ட்டிஸ் நிறுவனம் செய்த விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் தள்ளியது. 2013-இல் உச்சநீதிமன்றமும் மறுத்தது. அம்மருந்தைக் குறைந்த விலையில் செய்துவந்த இந்திய ஆலைகள் தொடர்ந்து செய்தன.