மூன்று ஆகஸ்டு ஒன்பதுகள்

போர் எப்போதேனும் நியாயமாக இருக்க முடியுமா? இக்கேள்வி திருச்சபைக்குப் புதியதன்று. கெத்சமனித் தோட்டத்தில் பேதுருவின் வாளை உறைக்குள் திருப்பி அனுப்பிய ஆண்டவரின் குரல் ஒருபுறம். கொல்லப்படும் அப்பாவியின் கூக்குரல் மறுபுறம். இவ்விரண்டில் எதையும் கேளாதவர்போல் இருக்க இயலாத நிலையில்தான் மறைவல்லுநர்கள் 'நீதியான போர்' என்னும் கோட்பாட்டை வகுத்தனர்.

அதற்கு அடித்தளமிட்ட புனித அகுஸ்தீனார் போரை ஏட்டில் மட்டும் அறிந்தவர் அல்லர். வாண்டல்கள் அவருடைய ஹிப்போ நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில், 430-ஆம் ஆண்டில் அவர் உயிர்நீத்தார். அவர் விட்டுச்சென்ற சிந்தனையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் மூன்று நிபந்தனைகளாக ஒழுங்குபடுத்தினார்: முறையான ஆட்சியாளரின் ஆணை, நீதியான காரணம், நேர்மையான நோக்கம். 1539-இல் சலமான்கா பல்கலைக்கழகத்தில் உரையாற்றிய தோமினிக்கன் சபைக் குரு பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா மேலும் இரண்டைத் தெளிவுபடுத்தினார். ஒரு போர் அநீதியானது என்று குடிமகன் உறுதியாக உணர்ந்தால், அரசனே ஆணையிட்டாலும் அவன் அதில் சேரலாகாது. குற்றமற்றவரை வேண்டுமென்றே கொல்வது எந்தப் போரிலும் ஆகாது.

ஆக, அளவுகோல் நம் கையில் இருந்தது. அதை எடுத்து அளந்தவர் யார்? இரண்டாம் உலகப் போரின்போது வெவ்வேறு ஆண்டுகளில் ஒரே தேதியில் நிகழ்ந்த மூன்று நிகழ்ச்சிகள் இதற்கு விடை கூறுகின்றன.

முதலாவது, 1942 ஆகஸ்டு 9. யூதக் குடும்பத்தில் பிறந்து, மெய்யியல் அறிஞராக விளங்கி, 1922-இல் திருமுழுக்குப் பெற்று, கார்மேல் துறவியான எடித் ஸ்டெய்ன் ஹாலந்து நாட்டின் எக்ட் மடத்தில் வாழ்ந்துவந்தார். யூதர்கள் நாடு கடத்தப்படுவதைக் கண்டித்து அந்நாட்டு ஆயர்கள் எழுதிய மடல் ஜூலை 26-ஆம் நாள் ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. நாசிகளின் பதில் ஒரு வாரத்தில் வந்தது. திருமுழுக்குப் பெற்ற யூதர்களும் தேடிப் பிடிக்கப்பட்டனர். ஆகஸ்டு 2-ஆம் நாள் எடித்தும் அவருடைய சகோதரி ரோசாவும் கைதாயினர். ஒரு வாரத்திற்குப்பின் ஆஷ்விட்ஸ் முகாமின் நச்சுவாயு அறையில் மாண்டனர்.

எந்நிலையிலும் படைக்கலம் ஆகாது என்போர் இந்நிகழ்ச்சியின்முன் சற்று நிற்க வேண்டும். ஆயர்கள் சொல்லால் எதிர்த்தனர், அச்சொல் வீணன்று. ஆனால் அக்கொடுமையை அது நிறுத்தவில்லை. 1945 ஜனவரி 27-ஆம் நாள் ஆஷ்விட்ஸின் கதவுகளைத் திறந்தது சோவியத் படை. அப்படை வராதிருந்தால் அங்கு எஞ்சியிருந்தோர்க்கு விடியலே இல்லை. பலமற்றவரைக் காப்பதற்காகப் பலத்தைப் பயன்படுத்துவது சில வேளைகளில் கடமையாகிறது என்னும் வாதம் இங்கேதான் உயிர் பெறுகிறது. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

இரண்டாவது, 1943 ஆகஸ்டு 9. ஆஸ்திரியா நாட்டில் சாங்க்ட் ராடெகுண்ட் என்னும் சிற்றூர். அவ்வூர் விவசாயி ஃபிரான்ஸ் யாகர்ஸ்டெட்டர். பங்கு ஆலயத்தின் கோயில் பிள்ளையாகவும் பணியாற்றியவர். 1938-இல் ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு இணைப்பதற்கு நடந்த வாக்கெடுப்பில் அவ்வூரிலிருந்து விழுந்த ஒரே எதிர்வாக்கு அவருடையது. அவர் படைப்பயிற்சிக்கு அஞ்சியவர் அல்லர். 1940-லும் 41-லும் பயிற்சி பெற்றவர்தாம். ஆனால் இந்தப் போர் பிறர் நிலத்தைப் பறிக்கும் போர் என்று கண்டுகொண்டார். பொதுவுடைமையை எதிர்க்கத்தான் ரஷ்யாமீது படையெடுப்பு என்றால், கனிமங்கள்மீதும் எண்ணெய்க் கிணறுகள்மீதும் விளைநிலங்கள்மீதும் ஏன் இந்த நாட்டம் என்று தம் குறிப்பேட்டில் கேட்டார்.

தம் ஐயத்தை லின்ஸ் நகர் ஆயரிடம் சென்று கேட்டார். போரின் நியாயத்தை முடிவுசெய்வது குடும்பத் தலைவனாகிய உன் பொறுப்பன்று என்பதே அவர் பெற்ற அறிவுரையின் சாரம். 1943 மார்ச்சு முதல் நாள் என்ஸ் நகரப் படைமுகாமில் ஆயுதமேந்த மறுத்தார், நோயாளருக்குப் பணிசெய்ய முன்வந்தார், அது ஏற்கப்படவில்லை. ஜூலை 6-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆகஸ்டு 9-ஆம் நாள் பிராண்டன்பர்க் சிறையில் தலை துண்டிக்கப்பட்டது. அவருக்கு மனைவியும் மூன்று பெண்மக்களும் இருந்தனர். மூத்தவளுக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை.

நானூறு ஆண்டுகளுக்குமுன் வித்தோரியா கற்பித்ததை அந்த விவசாயி நிறைவேற்றினார். கற்றறிந்தோர் ஏட்டில் வைத்திருந்த அளவுகோலைக் கோயில் பிள்ளை கையில் எடுத்தார். போர் முடிந்த பின்னும் அவருக்கு மதிப்புக் கிட்டவில்லை. அவரைப் பற்றிய கட்டுரையைத் தம் மறைமாவட்ட இதழில் வெளியிட 1946-இல் ஆயர் இசையவில்லை. பிற்காலத்தில், மும்பையின் பேராயராக இருந்து ஓய்வுபெற்றிருந்த தாமஸ் ராபர்ட்ஸ் அவருடைய சான்றினை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். மனச்சான்றின் பொருட்டு ஆயுதமேந்த மறுப்போர்க்குச் சட்டங்கள் இடமளிக்க வேண்டுமெனச் சங்கம் 1965-இல் கூறியது.

மூன்றாவது, 1945 ஆகஸ்டு 9. இம்முறை குண்டு வீசியவர்கள் நாசிகளை வென்ற அணியினர்; தாக்கப்பட்ட நாட்டினர்; நீதியான காரணம் உடையவர்கள். கொக்குரா நகரை மேகமும் புகையும் மறைத்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. காலை 11 மணி 2 நிமிடத்திற்கு அணுகுண்டு வெடித்தது. அவ்வாண்டின் இறுதிக்குள் மாண்டோர் ஏறத்தாழ 70,000 பேர். வெடித்த இடத்திற்கு அரைக் கல் தொலைவுகூட இல்லை உராக்கமிப் பேராலயம். குருக்கள் இன்றியே இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக மறைவில் விசுவாசத்தைக் காத்தவர்களின் வழித்தோன்றல்கள் எழுப்பிய ஆலயம் அது. அப்பகுதிக் கத்தோலிக்கர் சுமார் 12,000 பேரில் 8,500 பேர் அழிந்தனர் என்பர். வேத கலாபனைகள் அழிக்க முடியாத திருக்கூட்டத்தைக் கிறிஸ்தவ நாட்டின் ஒரு குண்டு நொடியில் சிதைத்தது.

அக்குண்டை ஏந்திச் சென்ற படைப்பிரிவுக்குத் தினியன் தீவில் ஆன்ம குருவாக இருந்தவர் ஜார்ஜ் சபெல்கா என்னும் அமெரிக்கக் கத்தோலிக்கக் குரு. குடிமக்களைக் கொல்வது தவறு என்று அந்நாளில் தாம் ஒரு மறையுரைகூட ஆற்றவில்லை என்பதைப் பிற்காலத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அமைதிக்காக உழைத்தார். நீதியான காரணம் இருந்துவிட்டால் எவ்வழியும் நீதியாகிவிடும் என்ற மயக்கம் எத்துணை எளிதில் பீடம்வரை ஏறிவிடுகிறது!

இம்மூன்று நாள்களையும் ஒன்றாக வைத்து நோக்கினால் நம் கேள்விக்கு விடை தெளிவாகும். முதல் நாள், குற்றமற்றவரைக் காக்கும் கடமையை நினைவூட்டுகிறது. இரண்டாம் நாள், காரணம் நீதியானதா என்று அளக்கும் பொறுப்பை அரசிடம் ஒப்படைத்துவிட்டு உறங்க முடியாது என்கிறது. மூன்றாம் நாள், நீதியான காரணமும் அநீதியான வழியால் கறைபடும் என்கிறது. மூன்றையும் ஒருசேரக் கடந்துவரும் போர் வரலாற்றில் எத்தனை? மிக அரிது. நகரங்களை ஒட்டுமொத்தமாக அழிப்பது கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்று வத்திக்கான் சங்கம் ஐயத்திற்கு இடமின்றி அறிவித்தது. முந்தைய நூற்றாண்டுகளின் அளவைகளைக் கொண்டு இன்று 'நீதியான போர்' பற்றிப் பேசுவது மிகக் கடினம் என்று 2020-இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் எழுதினார். நியாயமான தற்காப்பு உரிமையைத் திருச்சபை கைவிடவில்லை. ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் வாளெடுப்பவன் தோள்மீதே இருக்கிறது.

எனவே இக்கோட்பாட்டைப் போருக்கு வழங்கப்படும் அனுமதிச் சீட்டாகக் கருதலாகாது. அது பாவசங்கீர்த்தனத்திற்குமுன் நாம் செய்யும் ஆன்ம சோதனையைப் போன்றது. பிறன் செய்த பாவத்தை எண்ணுவதற்காக எவரும் ஆன்ம சோதனை செய்வதில்லை. அவ்வாறே, எதிரியின் போரை மட்டும் அளந்து நம்முடையதை அளக்காமல் விடுபவன் அளவுகோலைத் திருடியவன் ஆவான்.

2007 அக்டோபர் 26-ஆம் நாள் லின்ஸ் பேராலயத்தில் ஃபிரான்ஸ் யாகர்ஸ்டெட்டர் அருளாளராக உயர்த்தப்பட்டார். 94 வயதான அவர்தம் துணைவியார் ஃபிரான்சிஸ்கா அங்கு அமர்ந்திருந்தார். தம் கணவர் தனிமையில் எடுத்த முடிவு சரியே என்று திருச்சபை சொல்லக் கேட்க அவருக்கு அறுபத்து நான்கு ஆண்டுகள் ஆயின. அடுத்தமுறை ஒரு கோயில் பிள்ளை இக்கேள்வியோடு வரும்போது, அவருக்கு விடைசொல்லப் பங்குத்தந்தையும் பங்கு மக்களும் அத்தனை காலம் எடுத்துக்கொள்ளலாகாது.