பயந்த இடத்துக்கே திரும்பப் போவது

பல வருஷத்துக்கு முன்னால், நாக்பூரில் நான் வேலை பார்த்த கிளையில் பட்டப்பகலில் கொள்ளை. ஐந்து நிமிஷம்தான், யாருக்கும் காயமில்லை. ஆனால் கேஷ் கவுண்டரில் இருந்த தஞ்சாவூர்க்காரர், அதற்கப்புறம் ஷட்டர் சத்தம் கேட்டாலே வியர்த்துப் போவார். "போகப் போகச் சரியாயிடும் சார்" என்று டீ வாங்கிக் கொடுத்தோம். வேறென்ன தெரியும் எங்களுக்கு? கடைசியில் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு ஊருக்கே போய்விட்டார்.

அவர் நினைவில் தேடிப் படித்ததுதான் இது. காமர்ஸ் படித்தவன் மண்டையில் ஏறிய அளவுக்குச் சொல்கிறேன்.

மனநல சிகிச்சையில் ஒரு பழைய வழி உண்டு. எதைக் கண்டு பயமோ, அதன் பக்கம் பாதுகாப்பாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் போவது. உயரத்துக்குப் பயந்தவரை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போகலாம். போர்க்களத்தில் மனசு உடைந்தவரை எங்கே கூட்டிப் போவது?

அமெரிக்காவில் அட்லாண்டா நகரம். எமரி பல்கலைக்கழக உளவியலாளர் பார்பரா ராத்பாமும் ஜார்ஜியா டெக்கின் கணினி நிபுணர் லாரி ஹாட்ஜஸும் முதலில் உயரத்தில்தான் கை வைத்தார்கள். தலையில் மாட்டும் திரைக்குள் கண்ணாடி லிஃப்ட், நடைபாலம், பால்கனி. 1995-ல் வெளியான ஆய்வில், சிகிச்சையை முடித்த 10 மாணவர்களில் 7 பேர், யாரும் சொல்லாமலேயே நிஜ உயரங்களில் போய் நின்று பார்த்திருக்கிறார்கள்!

அடுத்து, 1997-ல் 'வர்ச்சுவல் வியட்நாம்'. இரண்டே காட்சிகள்: பறக்கும் ஹெலிகாப்டர், காட்டுக்கு நடுவே ஒரு வெட்டவெளி. உட்கார்ந்த நாற்காலி அதிரும். துப்பாக்கிச் சத்தம் எப்போது, எவ்வளவு என்பதெல்லாம் சிகிச்சையாளர் கையில். முன்னாள் வீரர் தன் கதையைச் சொல்லச் சொல்ல அவர் கூட்டுவார், குறைப்பார். படம் இன்றைய செல்போன் விளையாட்டைவிட மட்டம்தான். ஆனாலும் சிலர் அதில் இல்லாத எதிரிகளையும் பார்த்தார்களாம். மீதியை நினைவே வரைந்துகொண்டது!

ஈராக் போர் வந்ததும் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஸ்கிப் ரிஸ்ஸோ 'வர்ச்சுவல் ஈராக்' செய்தார். 2004-ல் வந்த 'ஃபுல் ஸ்பெக்ட்ரம் வாரியர்' என்ற போர் விளையாட்டின் காட்சிகளை எடுத்தே ஆரம்பித்தார். டீசல், எரிந்த ரப்பர், வெடிமருந்து என்று வாசனைகூட வரும்.

சரி, கருவிதான் குணமாக்குகிறதா? 2016-ல் வந்த ஆய்வு ஒன்று அமெரிக்க வீரர்கள் 162 பேரை வைத்து நடந்தது. திரை மாட்டிய முறையும் பலன் தந்தது. கண்ணை மூடி நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பழைய முறையும் தந்தது. சில மாதம் கழித்துப் பார்த்தால் பழையதே ஒரு படி மேல்.

எனக்கு இங்கேதான் உறைத்தது. இரண்டு முறையிலும் பொதுவானது ஒன்று: விஷயம் தெரிந்த ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து, அவசரப்படாமல் முழுக் கதையையும் கேட்கிறார். எங்கள் நண்பரிடம் "அன்னைக்கு என்ன சார் நடந்தது?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஞாபகப்படுத்தக் கூடாதாம்... நாங்களே முடிவு பண்ணிக்கொண்டோம்.

உங்கள் ஆபீஸில் அப்படி ஒருவர் இருந்தால், டீயோடு நிறுத்தாதீர்கள். நல்ல மனநல மருத்துவரிடம் கூடவே போய் வாருங்கள்.