பழைய கயிற்றுக்குப் பணம்!

"நோகாமல் நுங்கு தின்பது" என்று நம் ஊரில் சொல்வோம் இல்லையா? மரம் ஏறியவன் ஒருவன், சீவிக் கொடுத்தவன் ஒருவன், உட்கார்ந்து தின்பவன் வேறொருவன்.

இதே அர்த்தத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பட்டாளமே இருக்கிறது. கஷ்டப்படாமல் கிடைக்கும் காசை பிரிட்டிஷ்காரர்கள் 'மனி ஃபார் ஜாம்' என்பார்கள். அமெரிக்கர்கள் 'கிரேவி ட்ரெயின்' என்பார்கள். அதாவது குழம்பு ரயில்! ஏறி உட்கார்ந்தால் போதும், தட்டில் குழம்பு தானாக விழும். கவலையில்லாமல் வாழ்கிறவர் 'ஈஸி ஸ்ட்ரீட்' என்ற தெருவில் குடியிருக்கிறாராம்.

இந்தப் பட்டாளத்தில் என்னைக் குழப்பியது 'மனி ஃபார் ஓல்ட் ரோப்'. பழைய கயிற்றுக்குப் பணம். ஜாம் சரி, குழம்பு சரி. நடுவில் இந்தக் கயிறு எங்கிருந்து வந்தது? தேடிப் போனால் அது ஒரு சிறைச்சாலைக்குள் கொண்டுபோய் விட்டது நண்பர்களே!

முதலில் கப்பலுக்குப் போவோம். பாய்மரக் கப்பல் என்பது பாதி மரம், பாதி கயிறு. 1765-ல் கடலில் இறக்கப்பட்ட 'விக்டரி' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பாய்மரங்களுக்கு மட்டும் சுமார் 26 மைல் நீளக் கயிறு தேவைப்பட்டது. வெயில், மழை, உப்புக்காற்று எல்லாம் பட்டுக் கயிறு நைந்துபோகும். அதை மாற்றியே ஆகவேண்டும். இப்படிக் கழித்துப் போட்ட கயிற்றுக்கு மாலுமிகள் வைத்த பெயர் 'ஜங்க்'. இன்று நம் மெயில் பெட்டியில் குப்பை அஞ்சல் போய் விழுகிறதே, அதே ஜங்க்தான்!

ஆனால் அந்தக் குப்பைக்கும் விலை இருந்தது. மரக்கப்பலின் பலகைகளுக்கு இடையே தண்ணீர் கசியும். அந்த இடுக்குகளில் நாரைத் திணித்து, மேலே சூடான கீல் ஊற்றி அடைப்பார்கள். அந்த நாருக்கு 'ஓக்கம்' என்று பெயர். புதுக் கயிற்றைப் பிரித்து இதைச் செய்தால் கட்டுப்படியாகாது. எனவே பழைய கயிற்றை வாங்கிப் பிரித்தார்கள். கப்பல்காரருக்குக் கழித்த கயிற்றிலும் காசு! கயிற்றுக்குப் பணம் வந்த கதை இதுதான்.

சரி, அந்தக் கயிற்றைப் பிரித்தது யார்? இங்கேதான் கதை மாறுகிறது.

தார் பூசி, கடல் தண்ணீரில் ஊறி, இறுகிப்போன கயிறு அது. துண்டுகளாக வெட்டிக் கொடுப்பார்கள். முறுக்கை அவிழ்த்து, முழங்காலில் வைத்து உருட்டித் தளர்த்தி, விரல் நகத்தால் நார் நாராகப் பிரிக்கவேண்டும். சில இடங்களில் ஒரு இரும்புக் கொக்கி உண்டு, அவ்வளவுதான். கூலி கொடுத்தால் யாரும் விரும்பி வரமாட்டார்கள். அதனால் மறுக்க முடியாதவர்களிடம் கொடுத்தார்கள். ஒருவர் கைதி, இன்னொருவர் ஏழை.

1834-ல் இங்கிலாந்தில் புதிய ஏழைகள் சட்டம் வந்தது. உதவி வேண்டுமா, 'வொர்க்ஹவுஸ்' என்ற விடுதிக்குள் வந்து வேலை செய் என்பதுதான் அதன் சாரம். உள்ளே இருக்கும் வாழ்க்கை, வெளியே இருக்கும் ஆகக் கடைநிலைக் கூலியாளின் வாழ்க்கையைவிட மோசமாக இருக்கவேண்டும் என்பது கொள்கையாகவே பேசப்பட்டது. அப்போதுதான் யாரும் எளிதில் வந்து கதவைத் தட்டமாட்டார்களாம். அந்தக் கொள்கைக்குக் கயிறு பிரிக்கும் வேலை கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு இரவு தங்க இடம் கேட்டு வந்த நாடோடிகூடக் கயிறு பிரித்துக் கொடுத்தால்தான் வெளியே போகலாம்.

சார்லஸ் டிக்கன்ஸ் 1837-ல் எழுதத் தொடங்கிய 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில், ஒன்பது வயது ஆலிவருக்கு வொர்க்ஹவுஸில் தரப்படும் முதல் வேலையே இதுதான். காலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கவேண்டும்!

சிறையிலும் இதே கதை. 1895-ல் கடுங்காவல் தண்டனை பெற்ற எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டும் கயிறு பிரித்தவர்தான். பேனா பிடித்த விரல்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வெளியே வந்தபின் 1898-ல் அவர் வெளியிட்ட சிறைக் கவிதையில் இந்த வேலையும் வருகிறது.

பிறகு இரும்புக் கப்பல்கள் வந்தன. இடுக்கு அடைக்கும் நாருக்குத் தேவை குறைந்தது. கயிறு பிரிப்பதும் மெல்ல மறைந்தது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சொற்றொடர் இங்கிருந்துதான் பிறந்தது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அச்சில் இது பரவியது 20-ம் நூற்றாண்டில்தான். அதற்குள் வொர்க்ஹவுஸ்களின் காலமே முடிந்துகொண்டிருந்தது. மாலுமிகள் கரையில் துண்டுக் கயிறு விற்றுச் செலவுக்குக் காசு பார்த்ததிலிருந்து வந்தது என்றும் சொல்கிறார்கள். சொல்லின் பூர்வீகம் எதுவாகவும் இருக்கட்டும், கயிற்றின் கதை உண்மை.

எனக்கு உறுத்துவது இதுதான். பழைய கயிறு சுலபமான பணம் என்று சொல்ல யாரால் முடியும்? விற்றவரால் முடியும். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தவரால் முடியாது. ஒரே கயிறு ஒருவருக்குச் சும்மா வந்த காசு, இன்னொருவருக்குத் தண்டனை. மொழியில் தங்கியது விற்றவரின் பார்வை மட்டுமே. பிரித்தவர் அந்தச் சொல்லுக்குள் எங்கேயும் இல்லை.

நம் நுங்குப் பழமொழி இந்த விஷயத்தில் கொஞ்சம் நியாயமானது என்று தோன்றுகிறது. அதில் "நோகாமல்" என்ற ஒரு வார்த்தை இருக்கிறது. தின்றவனுக்கு நோகவில்லை என்றால், வேறு யாருக்கோ நொந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அடுத்த முறை யாராவது "அது சும்மா வர்ற காசுடா" என்று சொன்னால், ஒரு நிமிடம் யோசியுங்கள். கயிறு பிரித்தது யார்?