வாளும் வனமும்: தென்னிந்திய மர அறுவையின் வரலாறு

தென்னிந்திய மரத்தொழிலின் வரலாறு பெரும்பாலும் காட்டின் வரலாறாகவோ காலனி ஆட்சியின் வருவாய் வரலாறாகவோ எழுதப்பட்டு வந்திருக்கிறது. மரத்தைச் சாய்த்த கோடாரி, அறுத்த வாள், மலையிலிருந்து இறக்கிய சறுக்குப்பாதை, ஊருக்குச் சுமந்து வந்த தண்டவாளம் ஆகிய கருவிகளின் வழியாக அதே வரலாற்றைப் படித்தால் வேறொரு பாடம் புலப்படுகிறது. எந்தக் காலத்திலும் மரத்தொழிலுக்குக் கருவி தேடியவர்கள் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டியிருந்தது: அறுக்கப்போகும் மரம் எத்தகையது, அது பட்டறைக்கு வந்து சேரும் வழி எத்தகையது, கருவிக்குத் தீனியாக எவ்வளவு மரம் ஆண்டுதோறும் கிடைக்கும். முதல் இரண்டுக்கும் தொழிலாளரும் பொறியாளரும் வியக்கத்தக்க விடைகளைக் கண்டார்கள். மூன்றாவது கேள்வி கேட்கப்படாமல் விடப்பட்ட இடங்களில் காடு மெலிந்தது, அந்தக் காட்டை நம்பி நிறுவிய இயந்திரமும் பயனற்றுப் போனது.

இயந்திரங்கள் வருவதற்கு முன் பலகை அறுப்பது இருவர் சேர்ந்து செய்யும் ஆளறுப்பாக இருந்தது. சாய்த்த அடிமரத்தைக் கோடாரியால் செதுக்கிச் சதுரமாக்கியபின், அதைக் குழியின் மீதோ கவைக்கால்கள் நட்ட உயரமான சாரத்தின் மீதோ ஏற்றிக் கட்டுவார்கள். கரியோ காவியோ தோய்த்த நூலை மரத்தின் நீளத்துக்கு இறுக்கிப் பிடித்து, நடுவில் தூக்கி விட்டால் மரத்தின் மேல் நேர்க்கோடு ஒன்று பதியும். அந்தக் கோட்டை விட்டு வாள் விலகாதபடி மேலே நிற்பவர் பார்த்துக்கொள்ள, கீழே நிற்பவர் தம் உடல் எடையையும் சேர்த்து வாளை இழுப்பார். வாளின் பற்கள் கீழிறங்கும்போது மட்டும் வெட்டும்படி அராவப்பட்டிருக்கும். ஒன்றுவிட்டு ஒன்றாக அவை இடப்பக்கமும் வலப்பக்கமும் சற்றே சாய்த்துவிடப்பட்டிருப்பதால் அறுபடும் பிளவு வாளின் தகட்டைவிட அகலமாக அமைந்து, வாள் சிக்காமல் ஓடும். அப்படியும் மரம் வாளைக் கவ்வினால் பிளவுக்குள் ஆப்பு செருகப்படும்.

இந்த முறை மெதுவானது, கீழே நிற்பவரின் கண்ணிலும் மூச்சிலும் நாள் முழுவதும் மரத்தூளைக் கொட்டிய கடும் உழைப்பு அது. ஆயினும் அதற்கு ஒரு பெரிய வசதி இருந்தது: மரம் விழுந்த இடத்துக்கே வாள் சென்றது. பல டன் எடையுள்ள அடிமரத்தை இழுத்து வருவதற்குப் பதிலாக, அறுத்த பலகையையும் சட்டத்தையும் தலைச்சுமையாகவோ வண்டியிலோ கொண்டுவர முடிந்தது. பின்னர் வந்த, நீராவியால் இயங்கும் மர ஆலையோ ஓரிடத்தில் நிலையாக நின்றதால், காடே அதை நோக்கி நகர்ந்து வர வேண்டியதாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் மரத்தொழில் முழுவதும் அறுப்பதைவிடக் கொண்டுவருவதிலேயே கூடுதலான அறிவையும் பணத்தையும் செலவழித்ததற்கு இதுவே காரணம்.

மலபாரில் இந்தச் சிக்கலை ஆறுகள் தீர்த்தன. பச்சைத் தேக்கு நீரில் எளிதில் மிதக்காது என்பதால், மரத்தின் அடிப்பகுதியில் பட்டையையும் வெண்மரத்தையும் சுற்றிலும் வெட்டி, நின்ற நிலையிலேயே அதைப் பட்டுப்போகச் செய்து, ஈரம் வடிந்தபின் சாய்ப்பார்கள். அவ்வாறு காய்ந்த தடிகளைத் தெப்பமாகக் கட்டிச் சாலியாற்றில் விட, அவை நிலம்பூரிலிருந்து கடற்கரைக்கு வந்து, கோழிக்கோட்டை அடுத்த கல்லாயி போன்ற மரச் சந்தைகளில் விற்பனைக்குக் குவிந்தன. பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்தின் தேவை பெருகி, இயற்கைத் தேக்கு குறையத் தொடங்கியதைக் கண்ட மலபார் மாவட்ட ஆட்சியர் கொனோலி, 1840களில் வன அலுவலர் சாத்து மேனோனின் துணையோடு நிலம்பூரில் தேக்கு நடவைத் தொடங்கினார். வெட்டுகிறவர் நடவும் வேண்டும் என்ற எண்ணம் அரசு ஏற்பாடாக உருவெடுத்த முதல் முயற்சிகளில் இது ஒன்று. அன்று நட்ட மரங்களில் சில நிலம்பூரில் இன்றும் நிற்கின்றன.

ஆனைமலையில் அத்தகைய ஆற்றுவழி வாய்க்கவில்லை. பொள்ளாச்சிக்கு மேலே, இன்று டாப்சிலிப் என்று அறியப்படும் மலைவிளிம்பு வரை யானைகள் தடிகளை இழுத்து வந்தன. அங்கிருந்து அவை சரிவில் சறுக்கிவிடப்பட்டு அடிவாரம் சேர்ந்தன. இந்த முறையில் எரிபொருள் செலவு இல்லை, இயந்திரமும் இல்லை. எனினும் வேகமாக இறங்கிய தடிகள் பாறைகளில் மோதிப் பிளந்தால் விலை மதிப்பு வீழ்ந்துவிடும். ஆகவே சறுக்குப்பாதையை அமைப்பதும் பழுது பார்ப்பதும் தனித் திறமை கோரும் வேலைகளாயின.

1856 ஜூலை 1இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது. மரத்தின் தேவை முற்றிலும் வேறு அளவை எட்டியது. தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகள் ஒரு மைலுக்கு ஏறத்தாழ 1,800 முதல் 2,000 வரை வேண்டியிருந்தன. கரையானும் மழையும் அவற்றைச் சில ஆண்டுகளிலேயே அரித்துவிட, அதே பாதைக்கு மீண்டும் மீண்டும் மரம் தேவைப்பட்டது. நிலக்கரி எளிதில் கிடைக்காத தெற்கில் எஞ்சின்களும் விறகையே எரித்தன. சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக 1856இல் பொறுப்பேற்ற மருத்துவர் ஹியூ கிளெக்ஹார்ன், 1861இல் வெளியிட்ட நூலில் இந்த இரட்டைத் தேவை காடுகளுக்கு உண்டாக்கும் அழுத்தத்தைப் பதிவு செய்தார். இயற்கைக் காட்டை மட்டும் நம்பியிருக்க முடியாது என்ற நிலையில், கடலோர மணல்வெளிகளில் சவுக்குத் தோப்புகள் விறகுக்கென்றே வளர்க்கப்பட்டன. சென்னை நகரத்தின் அடுப்புகளுக்கு ஸ்ரீஹரிகோட்டா காடுகளிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியே படகுகளில் விறகு வந்தது. விறகுத்தொட்டி என்று சென்னை மக்கள் அழைத்த கடைகளில் அது கோடாரியாலும் ஆப்பாலும் சம்மட்டியாலும் பிளக்கப்பட்டு எடை போட்டு விற்கப்பட்டது. பலகை அறுப்பில் நீராவி நுழைந்தபின்னும் விறகு பிளப்பு நெடுங்காலம் கைத்தொழிலாகவே நீடித்தது. விறகின் விலை இயந்திரத்தின் விலையைத் தாங்கக்கூடியதாக இல்லை.

நிலையான ஆலைக்குத் தொலைவிலுள்ள காட்டைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குத் தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட மிகத் துணிச்சலான முயற்சி, ஆனைமலையின் மறுபுறத்தில் கொச்சி அரசு அமைத்த வன டிராம் பாதையாகும். பறம்பிக்குளத்தில் தேக்கும் ஈட்டிமரமும் செறிந்திருந்தன. ஆனால் அவற்றைக் கொச்சிக் கடற்கரைக்குக் கொண்டுவர வழியில்லை. சொரனூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயில் பாதை அமைந்துவந்த வேளையில், அதன் மீதுள்ள சாலக்குடியைக் காட்டோடு இணைக்கும் திட்டம் மன்னர் ராமவர்மாவின் ஆட்சியில் உருவெடுத்தது. 1901இல் தொடங்கிய பணி ராபர்ட் ஹாட்ஃபீல்டு என்ற பொறியாளரின் மேற்பார்வையில் நடைபெற, பெர்லின் நகரின் ஓரென்ஸ்டைன் கோப்பெல் நிறுவனம் தளவாடங்களை வழங்கியது. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த மீட்டர் அகலப் பாதையில் 1907இல் சரக்குப் போக்குவரத்து தொடங்கியது.

இந்தப் பாதையின் சிறப்பு அதன் சரிவுகளில் இருந்தது. எஞ்சினின் சக்கரம் வழுவழுப்பான தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஏறுவதற்கு ஓர் எல்லை உண்டு; அந்த எல்லையைத் தாண்டிய செங்குத்தான மலைச்சரிவுகளில் பொறியாளர்கள் எஞ்சினை விலக்கிவிட்டு, மரத்தின் எடையையே இயங்குவிசையாகக் கொண்டார்கள். சரிவின் உச்சியில் தடை பொருத்திய பெரிய உருளை ஒன்று நிறுத்தப்பட்டது. அதைச் சுற்றிச் சென்ற எஃகுக் கயிற்றின் ஒரு முனையில் தடிகள் ஏற்றிய வண்டியும், மறுமுனையில் அடிவாரத்திலிருந்த காலி வண்டியும் கட்டப்பட்டன. பாரவண்டி இறங்க, அதன் எடை காலி வண்டியை மேலே இழுத்தது. உச்சியிலிருந்த தொழிலாளி தடையை இறுக்கியும் தளர்த்தியும் வேகத்தைக் கட்டுப்படுத்தினார். விறகோ நிலக்கரியோ எரிக்காமல், கீழிறங்கும் சுமை தன் வேலையைத் தானே செய்துகொண்ட இந்த அமைப்பு, இடத்துக்கேற்ற கருவித் தேர்வுக்குச் சிறந்த சான்றாகும்.

அத்தனை நுட்பமான அமைப்பும் நிலைக்கவில்லை என்பதே இந்த வரலாற்றில் கருதிப் பார்க்க வேண்டிய செய்தி. தண்டவாளம், பாலங்கள், எஞ்சின்கள், பட்டறை, ஊழியர் ஆகியவற்றின் செலவு மரம் வந்தாலும் வராவிட்டாலும் மாறாதது. ஆகவே பாதை இலாபம் ஈட்ட வேண்டுமானால் வண்டிகள் நிரம்பிச் செல்ல வேண்டும், வண்டிகள் நிரம்ப வேண்டுமானால் வெட்டு குறையக்கூடாது. தேக்கு முற்றி வைரம் பாய்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். முதலீட்டுக் கணக்கோ ஆண்டுதோறும் தன் பங்கைக் கேட்டது. சாலையும் லாரியும் பரவியபோது, நட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த டிராம் பாதைக்கு இருந்த தேவையும் மறைந்து, 1963இல் அது முற்றிலும் கைவிடப்பட்டது.

அதே மலையின் தமிழகப் பக்கத்தில் இதற்கு எதிரான அணுகுமுறை ஒன்று செயல்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆனைமலைக் காட்டின் பொறுப்பிலிருந்த வன அதிகாரி ஹியூகோ வுட், வெட்டை நிறுத்திவைத்து மீட்சிக்கு இடம் தருவதையும், மரத்தை வேரோடு பிடுங்காமல் தரையை ஒட்டி வெட்டி அடிக்கட்டையிலிருந்து மறுதுளிர் வளரவிடுவதையும் செயல்திட்டமாக வகுத்தார். செயல்திட்டம் என்பது எந்தப் பகுதியில், எந்த ஆண்டில், எவ்வளவு மரம் எடுக்கலாம் என்பதை முன்கூட்டியே வரையறுக்கும் ஆவணம். 1933இல் மறைந்த அவருடைய கல்லறை டாப்சிலிப் அருகே தேக்குகளின் நடுவே இருக்கிறது. கொச்சிப் பாதையின் பொறியாளர்கள் எவ்வளவு கொண்டுவர முடியும் என்று கணக்கிட்டார்கள். வுட் எவ்வளவு எடுக்கலாம் என்று கணக்கிட்டார்.

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் தமிழகத்தின் மேற்கு மாவட்டங்களுக்கு மின்சாரம் பரவியது. கொதிகலனும் அதைக் காக்கும் ஆட்களும் இல்லாமலே ஒரு மோட்டாரைக் கொண்டு அறுவை நடத்துவது சாத்தியமாயிற்று. வாள்பட்டறை என்று மக்கள் வழங்கும் சிறு மர அறுவை ஆலைகள் நகரங்களில் பெருகுவதற்கு இத்தகைய மின்விசை வழிவகுத்தது. அங்கே உரிமையாளர் முன்னிருந்த தேர்வு வட்டரம்பமா, பட்டைரம்பமா என்பது. வட்டரம்பம் உறுதியானது, பழுது பார்ப்பதற்கு எளிது. ஆனால் அதன் நடுவிலுள்ள அச்சு தடுப்பதால் தன் விட்டத்தில் பாதிக்கும் குறைவான ஆழத்தையே அறுக்கும், பருத்த தகடாதலால் மரத்தை அதிகம் தூளாக்கும். இரு பெரும் சக்கரங்களின் மீது முடிவின்றி ஓடும் மெல்லிய எஃகு நாடாவே பட்டைரம்பம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தும், நாடாவின் முனைகளை அறுந்துபோகாதபடி இணைக்கும் முறை 1846இல் பிரான்சின் க்ரெபின் அம்மையாரால் உருவாக்கப்பட்ட பிறகே அது நடைமுறைக்கு வந்தது. 25 மில்லிமீட்டர் பலகை ஒவ்வொன்றுக்கும் வட்டரம்பம் 6 மில்லிமீட்டரைத் தூளாக்கினால் மரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது. பட்டைரம்பம் 2 மில்லிமீட்டரோடு நின்றுவிட்டால் இழப்பு பதின்மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. ஒரே அளவு பலகைக்குக் குறைந்த மரம் போதும் என்பதால், வாளின் தடிமன் காட்டைப் பற்றிய கேள்வியாகவும் ஆகிறது. தேக்கின் நாரில் கலந்துள்ள மணற்சத்து பற்களை விரைவில் மழுக்குவதால், அதை அறுக்கும் பட்டறையில் அரம் பிடிக்கத் தெரிந்தவர் இயந்திரத்தைவிட முக்கியமானவராகக் கருதப்பட்டார்.

வாளை மீண்டும் காட்டுக்கே கொண்டுசென்றது சங்கிலி ரம்பம். ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926இல் மின்சாரத்தாலும் 1929இல் பெட்ரோலாலும் இயங்கும் சங்கிலி ரம்பங்களை உருவாக்கினார். ஆனால் அவற்றின் பற்கள் அடிக்கடி மழுங்கின. 1946இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிவந்த ஜோசப் காக்ஸ், அடிக்கட்டை ஒன்றைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப் புழுவைக் கவனித்தார். அதன் வளைந்த தாடைகள் நாரின் போக்கில் மட்டுமன்றிக் குறுக்காகவும் இடவலமாக மாறி மாறிச் செதுக்குவதைக் கண்டு, அதே வடிவில் சங்கிலிப் பற்களை அமைத்தார். இன்றைய சங்கிலிகளும் அந்த அமைப்பையே பின்பற்றுகின்றன. இருவர் நாள்கணக்கில் செய்த வேலையை ஒருவர் சில மணிநேரத்தில் முடிக்க, மரத்தின் உயிரைக் காத்துவந்த கைவேலையின் மெதுவான வேகம் என்னும் அரண் மறைந்தது.

விறகுத் தொழிலுக்கு இயந்திரம் பின்னரே வந்தது. எண்ணெயின் அழுத்தத்தால் உந்துதண்டை நகர்த்தி, கட்டையை எஃகு ஆப்பின் மீது தள்ளிப் பிளக்கும் இயந்திரம் சம்மட்டியின் வேலையை எடுத்துக்கொண்டது. நேரான நாருடைய சவுக்கு அதில் எளிதில் பிளக்கிறது. பின்னிய நாருடைய புளியங்கட்டைக்கும் நீலகிரி மக்கள் கற்பூர மரம் என்று வழங்கும் யூகலிப்டசுக்கும் கூடுதல் விசை வேண்டும். தேயிலையை உலர்த்தும் வெப்பத்துக்கு விறகை நம்பும் நீலகிரி ஆலைகளில் பிளப்பதன் பயன் வசதியான அளவோடு முடிவதில்லை: பச்சை விறகின் வெப்பத்தில் ஒரு பங்கு அதிலுள்ள நீரை ஆவியாக்குவதற்கே செலவாகிறது, பிளந்த விறகு விரைவில் உலர்கிறது, உலர்ந்த விறகோ குறைந்த எடையில் அதே வேலையைச் செய்கிறது.

கருவிக்கு எவ்வளவு மரம் கிடைக்கும் என்ற மூன்றாவது கேள்வியைச் சட்டத்தின் மொழியில் இறுதியாக எழுப்பியதும் இதே மேற்குத் தொடர்ச்சி மலைதான். கூடலூர்ப் பகுதியில் நடந்த மரவெட்டுக்கு எதிராக நிலம்பூர் கோவிலகம் என்னும் அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, மத்திய அரசின் ஒப்புதலின்றிக் காடுகளுக்குள் இயங்கிய மர ஆலைகளை நிறுத்தச் சொன்னது. அதோடு, காடுகளின் தாங்குதிறன் எவ்வளவு, அது எத்தனை ஆலைகளைத் தாங்கும், காட்டிலிருந்து அவை எவ்வளவு தொலைவில் இருக்க வேண்டும் என்பவற்றை ஆராய வல்லுநர் குழுக்களை அமைக்குமாறு மாநிலங்களைப் பணித்தது. இயந்திரத்தின் திறனுக்கேற்பக் காட்டை அளந்துவந்த ஒன்றரை நூற்றாண்டு வழக்கத்தை இந்த ஆணை தலைகீழாக்கி, காட்டின் திறனுக்கேற்ப இயந்திரங்களை எண்ணச் சொன்னது. மர இயந்திரம் வாங்குகிறவர் குதிரைத்திறனையும் விலையையும் பார்ப்பது இயல்பு. அதற்கு முன் தம் கைக்கு எட்டும் தோப்பு ஆண்டொன்றுக்கு எவ்வளவு வளர்கிறது என்று கணக்கிடுவதே, பறம்பிக்குளம் பெரும் விலை கொடுத்துக் கற்பித்த தொழிலறிவு.