மரவள்ளி தின்ற மூணரை வருஷம்

வீட்டுத் தோட்டம் பற்றிப் பேச ஆரம்பித்ததிலிருந்து ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது: "கொல்லையில கொஞ்சம் இடம் இருந்தா, நாளைக்கே பஞ்சம் வந்தாலும் சமாளிச்சிடலாமா?" இந்தப் பரீட்சையை ஒரு நாடே எழுதியிருக்கு. 1942 முதல் 1945 வரையிலான மலாயா. அங்கே இருந்த தமிழர்கள் அதை "ஜப்பான்காரன் காலம்" என்பார்கள்.

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. பிரிட்டிஷார் மலாயாவை ரப்பருக்கும் ஈயத்துக்குமான நாடாகவே வளர்த்திருந்தார்கள். தின்கிற அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது. போர் வந்ததும் அந்த வரத்து சுருங்கிப்போச்சு. ரப்பர் தோட்டங்களில் வேலை குறைந்தது, கூலியும் போனது. ஜப்பானியர் அச்சடித்த பத்து டாலர் நோட்டில் வாழைமரம் இருந்தது. அந்தக் காசின் மதிப்பு மாதத்துக்கு மாதம் சரிந்தது. பையில் நோட்டு இருந்தும் வாங்க அரிசி இல்லை.

கடைசியில் எல்லோரும் மண்ணைத்தான் தோண்டினார்கள். லயத்து வீடுகளுக்குப் பின்னால், சாலையோரத்தில், விளையாட்டுத் திடலில்கூட மரவள்ளி. ஏன் மரவள்ளி என்று கேட்டால், அதுக்கு விதை வேண்டாம். ஒரு சாண் குச்சியை ஒடித்து நட்டால் போதும். மெலிந்த மண்ணிலும் வரும். எட்டுப் பத்து மாதத்தில் கிழங்கு தயார். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட்டுப்போகும். பிடுங்காமல் விட்டால் மண்ணுக்குள்ளேயே பத்திரமாக இருக்கும். களஞ்சியமே வேண்டாம். அந்தப் பத்து மாதத்தைத் தாண்ட, மூன்று நான்கு மாதத்தில் கைக்கு வரும் சர்க்கரைவள்ளியையும் கூடவே போட்டார்கள்.

ஆனால் மரவள்ளியில் விஷம் இருக்கு. கிழங்கை நறுக்கும்போதும் துருவும்போதும் சயனைடு வெளிப்படும். கசப்பு ரகத்தில் அது அதிகம், தோலில் இன்னும் அதிகம். தடித்த தோலை முழுக்க உரிக்கணும், துண்டாக்கி ஊறவைக்கணும், மூடி போடாமல் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டணும். அந்த விஷம் சுலபத்தில் ஆவியாகிற பொருள்; திறந்த பானையில் ஆவியோடு போயிடும். வேதியியல் படிக்காத பாட்டிமார்களுக்கு இது தெரியும். (மரவள்ளியோடு இஞ்சி சேர்க்கக் கூடாது என்று ஈழத்தில் இன்றும் சொல்வார்கள். அதில் எவ்வளவு உண்மை என்ற வாதத்துக்குள் நான் போகலை.)

விஷத்தை நீக்கினாலும் இன்னொரு சிக்கல் இருந்தது. மரவள்ளி வயிற்றை நிரப்பும், உடம்பைத் தேற்றாது. அதில் புரதம் நூற்றுக்கு ஒரு பங்கு சுமார்தான். அதை மட்டுமே தின்றவர்களுக்குக் கால் வீங்கியது, பெரிபெரி வந்தது, புண் ஆறலை. அந்தக் கிழங்கின் இலையை வேகவைத்துக் கீரையாகத் தின்றவர்கள், ஓடையில் மீன் பிடித்தவர்கள், நாலு கோழி வைத்திருந்தவர்கள், செம்பனை எண்ணெய் கிடைத்தவர்கள் கொஞ்சம் தேவலை. பஞ்சத்தில் கிழங்கைவிட இலைதான் பெரிய விஷயம் என்பது என் கணக்கு.

அடுத்து, தோட்டம் போடக் கை வேணுமே! 1942 அக்டோபரிலிருந்து ஓராண்டில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டார்கள். அதற்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளிகள் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள். காலரா, மலேரியா, பட்டினி. போனவர்களில் ஏராளமானோர் திரும்பலை. லயத்தில் மிஞ்சிய பெண்களும் பிள்ளைகளும்தான் மண்வெட்டி பிடித்தார்கள். சயாம் மரண ரயிலைப் பற்றி நிறைய எழுதியாச்சு. அந்தப் பெண்கள் வளர்த்த கிழங்கைப் பற்றி எழுதினது ரொம்பக் குறைவு.

திறமை இல்லாமல் நிலம் மட்டும் கிடைத்தால் என்ன ஆகும்? பஹாவைப் பாருங்க. சிங்கப்பூரில் சாப்பிடும் வாய்களைக் குறைக்க, யுரேசியர்களையும் சீனக் கத்தோலிக்கர்களையும் நெகிரி செம்பிலானில் உள்ள பஹாவில் குடியேற்றினார்கள். பெரும்பாலும் நகரத்து ஆட்கள். ஆபீசிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவர்கள். காட்டை வெட்டித் திருத்தணும், மண்ணும் சரியில்லை, மலேரியா வேற. நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அவர்களோடு போன ஆயர் தெவால்ஸ், மண்வெட்டியால் காலில் பட்ட காயம் முற்றி 1945 ஜனவரியில் இறந்தார்.

இதே போரில் நம்ம ஊர்ப் பக்கமும் ஒன்று நடந்தது. மலாயாவில் சீன முதலாளிகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே மரவள்ளியைப் பெருந்தோட்டமாகப் போட்டு, மாவும் ஜவ்வரிசியும் ஏற்றுமதி செய்தவர்கள். கடல் வழி அடைபட்டதும் இந்தியாவுக்கு வெளிநாட்டு ஜவ்வரிசி வரலை. திருவிதாங்கூரில் 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா பஞ்சத்துக்கு மாற்றாக வளர்க்கச் சொன்ன அதே கிழங்கை, 1943 வாக்கில் சேலத்தில் அரைக்க ஆரம்பித்தார்கள். அரைத்துப் பிழிந்த பாலைத் தெளியவைத்து, அடியில் தங்கின மாவைத் துணியில் போட்டு முத்து முத்தாகக் குலுக்கி, சட்டியில் வறுத்தார்கள். அங்கே லயத்தில் கஞ்சியான கிழங்கு, இங்கே கல்யாண வீட்டுப் பாயசத்துக்குப் போனது.