காலை ஸ்டார்ட்டிங்: கார்புரேட்டரும் இன்ஜெக்ஷனும்

மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் பழைய அம்பாசடரையும் மாருதி 800-ஐயும் விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதே வீட்டு வாசலில் பிள்ளை வாங்கிய புது வண்டியும் நிற்கும். "காலையில் சட்டென்று ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது" என்ற புகார் இரண்டுக்குமே வரும். புகார் ஒன்று என்பதால் வைத்தியமும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு, பலர் வீணாகச் செலவு செய்கிறார்கள்.

முதலில் குளிரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். ஆயில் உறைகிறது, இன்ஜின் விறைக்கிறது என்பதெல்லாம் பனி ஊர்க்காரர்களின் கவலை. சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி, அதுவும் 1895 டிசம்பரில். மார்கழி விடியலிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இந்த ஊரில் காலைக் கோளாறின் வேர் பெரும்பாலும் பகல் வெயிலில் இருக்கிறது. அந்த வெயில் பழைய வண்டியில் ஓரிடத்தையும் புது வண்டியில் வேறோரிடத்தையும் பதம் பார்க்கிறது.

கார்புரேட்டர் வண்டியை எடுத்துக்கொள்வோம். பாண்டி பஜார் போய்விட்டு வந்து மதியம் நிறுத்துகிறோம். விசிறி நின்றதும் இன்ஜின் சூடு மேலேறி கார்புரேட்டரைச் சுடும். அதன் கிண்ணத்தில் இருக்கும் கொஞ்சம் பெட்ரோல் ஆவியாகிப் போகும். பெட்ரோல் பம்ப்பும் இன்ஜின் சுழன்றால்தான் வேலை செய்யும் என்பதால், காலையில் கிண்ணம் நிறையும்வரை செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அம்பாசடரின் ஏசி பம்ப்பில் இதற்கென்றே ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. பானெட்டைத் திறந்து அதைக் கையால் சில தடவை அடித்தால் கிண்ணம் நிறைந்துவிடும், பேட்டரிக்கு அலைச்சல் மிச்சம். மாருதியில் கிண்ணத்தில் பெட்ரோல் இருந்தால் ஆக்ஸிலேட்டரை இரண்டு முறை மிதித்தால் போதும், உள்ளே பெட்ரோல் பீய்ச்சும். சோக்கை இழுத்தால் நம் ஊரில் ஒரு நிமிடத்துக்குள் தள்ளிவிட வேண்டும். மறந்துவிட்டால் பிளக் நனைந்து, கழற்றிப் பார்க்கும்போது நுனியில் கரி மெழுகியது போல் இருக்கும். ஐப்பசி மழையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இறங்குவதும் வழக்கம். மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்தால் முக்கால்வாசி சரியாகிவிடும். இந்தக் கோளாறுகள் அனைத்தையும் கண்ணும் மூக்கும் சொல்லிவிடும்.

2001 ஜூலையில் பாரத் ஸ்டேஜ் 2 விதி சென்னைக்கு வந்ததோடு, புதுக் கார்களில் கார்புரேட்டரின் காலம் ஏறக்குறைய முடிந்தது. இன்ஜெக்ஷன் வண்டியில் ஸ்டார்ட் செய்யும் முன் ஆக்ஸிலேட்டரை எத்தனை முறை மிதித்தாலும் ஒரு சொட்டு பெட்ரோல் கூடுதலாக வராது. எவ்வளவு விட வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்கிறது. சின்னச் சின்னக் குறைகளை அது மாதக்கணக்கில் ஈடுகட்டிக்கொண்டே வரும். அதனால் நமக்கு ஒன்றும் தெரியாது, ஒருநாள் காலையில் எல்லாம் சேர்ந்து கைவிடும். பழைய வண்டி இருமிச் செருமி முன்கூட்டியே சொல்லிவிடும் என்பது அதன் பெரிய குணம் என்று நான் கருதுகிறேன்.

இன்ஜெக்ஷன் வண்டியை விசாரிக்கும் முறையே வேறு. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால், பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். அது டேங்க்குக்குள் இருக்கும் பம்ப். இரவில் குழாயின் அழுத்தம் இறங்கிவிடுகிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. செல்ஃப் அடிக்காமல் சாவியை மூன்று முறை ஆன், ஆஃப் செய்து, அதன்பின் ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்துக்கொண்டால், பம்ப்பின் ஒருவழி வால்வோ இன்ஜெக்டரோ கசிய வாய்ப்பு அதிகம். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்தால்தான் எடுக்கிறது என்றால், இன்ஜெக்டர் இரவில் சொட்டியிருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் அப்படி மிதித்தால் பெட்ரோல் நிறுத்தப்படும். வெப்ப சென்சார் பொய் சொன்னாலும் இதே தொல்லைதான். ஆறிய இன்ஜினைச் சூடாக இருப்பதாக நம்பி, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துவிடும்.

இரண்டு வண்டிக்கும் பொது எதிரி பேட்டரிக் குறை. அதற்கு நாம் ஏப்ரல், மே வெயிலைத்தான் குறை சொல்ல வேண்டும். சூட்டில் உள்ளே இருக்கும் ஈயத் தகடு வேகமாக அரிக்கப்படுகிறது, தண்ணீரும் வற்றுகிறது. செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் சோம்பலாகச் சுழன்றால் முதலில் இதைப் பாருங்கள், பெட்ரோல் பக்கம் போக வேண்டாம். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் நல்ல சார்ஜ், 12.2-க்கு வந்தால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் சந்தேகப்பட வேண்டியதுதான். பழைய வண்டி சார்ஜ் குறைந்தாலும் தள்ளிவிட்டால் எடுத்துவிடும். புது வண்டியில் பம்ப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் வேண்டும் என்பதால் செத்த பேட்டரியோடு தள்ளிப் பயனில்லை, ஆட்டோமேட்டிக் என்றால் பேச்சே இல்லை. டேஷ் கேமராவும் டிராக்கரும் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுத்தாலும் நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி போகிறது. 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு வாரத்தில் பாதி காலி. தி.நகர் நெரிசலில் ஏசியோடு ஊர்ந்து வீடு திரும்பும் சின்ன ஓட்டம் அதை ஈடுகட்டாது.

அடையாறு, பெசன்ட் நகர்க்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் பேட்டரி டெர்மினலுக்கடியில் வெண்பச்சைப் பொருக்கு படரும். வெளியே பளபளவென்று இருக்கும் கிளாம்ப்பைக் கழற்றினால் உள்பக்கம் கறுத்திருக்கும். நெகடிவ் கேபிளை முதலில் எடுத்துவிட்டு, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, உலர்த்தி, சுரண்டி, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவலாம். பிறகு பேட்டரி நெகடிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே மீட்டரை வைத்துச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. நல்ல பேட்டரியை மாற்றியும் வண்டி எடுக்காத வீடுகளில் பலமுறை குற்றவாளி இந்த எர்த் கேபிள்தான். இதை அளந்து பார்க்காமல் செல்ஃப் மோட்டார், பிளக், பம்ப் என்று வரிசையாக மாற்றும் பழக்கம் எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது.

பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை உப்பச் செய்யும், விரிசல் விடச் செய்யும். புது மாடல்களின் குழாய்கள் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. பழைய வண்டியில் ஹோஸ் விரிசல் விட்டால் காற்று புகுந்து, இரவில் பெட்ரோல் டேங்க்குக்கே திரும்பி வழிந்துவிடும். கிண்ணம் வற்றும் கோளாறு போலவே காலையில் தோன்றும், நெம்புகோலை அடித்தாலும் மறுநாள் திரும்ப வரும். அப்படியானால் ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் எத்தனால் தாங்கும் ஹோஸ் கேட்டு வாங்கி, டேங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரை மாற்றிவிட வேண்டும், பம்ப்பின் டயஃப்ரத்தையும் சேர்த்து.