பாலத்துக்கும் வயது உண்டு



சில வாரங்களுக்கு முன்னர் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாறு போதித்துக்கொண்டிருந்தேன். பேராக் மாநிலத்தின் பழைய சின்னங்களைப் பற்றிய பேச்சு எழுந்தபோது, காராய் விக்டோரியா பாலத்தின் படத்தை வகுப்பில் காட்டினேன். "சார், பாலத்துக்கும் வயசு இருக்கா? அது எப்ப சாகும்?" என்று ஒரு மாணவன் கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒரு பாலம் சாவதை நான் சிறுவயதில் நேரில் பார்த்தவன். அன்று ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்த பதிலை இங்கே சற்று விரிவாக எழுத விழைகிறேன்.

காராய் பாலம் கோல கங்சார் மாவட்டத்தில் பேராக் ஆற்றின் குறுக்கே நிற்கிறது. 1897 டிசம்பரில் தொடங்கிய கட்டுமானம் 1900 மார்ச்சில் நிறைவடைந்தது. நீளம் ஏறத்தாழ 351 மீட்டர். ஈயச் சுரங்கத் தொழிலுக்காகவே ஆங்கிலேயர் ஆட்சியில் இந்த இரயில் பாலம் எழுப்பப்பட்டது. பக்கத்தில் புதிய கான்கிரீட் பாலம் எழும்பிய பிறகு, 2002ஆம் ஆண்டில் இதன்மேல் இரயில் ஓடுவது நின்றது. அதன் பின்னரும் சுற்றுவட்டார மக்கள் நடந்தும் மோட்டார் சைக்கிளிலும் இதைக் கடந்து வந்தனர்.

நம் மக்களுக்கும் பேராக் இரயில் பாதைக்கும் உள்ள தொடர்பு மிகப் பழமையானது. 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை இந்நாட்டின் முதல் இரயில் பாதை திறக்கப்பட்டது. போர்ட் வெல்டு என்பது இன்றைய கோல செபெத்தாங். அப்பாதையைப் போடுவதற்கு இலங்கையிலிருந்து தொழிலாளர் படைப் பிரிவுகள் வரவழைக்கப்பட்டன. பின்னர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களும் இரயில் பாதைகளிலும் சாலைகளிலும் உழைத்தனர். எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் இரயில் பாதையைக் 'கம்பிச் சடக்கு' என்றே சொல்வார்கள். அச்சொல்லுக்குள் ஒரு தலைமுறையின் வியர்வை இருக்கிறது.

சரி, அப்பாலம் ஒரு நூற்றாண்டுக்குமேல் எப்படி நிலைத்தது? படத்தைக் கவனித்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அதன் செங்கல் தூண்கள் மிக உயரமானவை. ஆறு அமைதியாக ஓடும் நாளை மட்டும் கணக்கிட்டுக் கட்டியிருந்தால் அவ்வளவு உயரம் தேவையில்லை. ஆறு சீறும் நாளையும் எண்ணிக் கட்டியிருக்கிறார்கள். 1926ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தைக் கண்டவர்களுக்கு அந்த உயரத்தின் அருமை விளங்கியிருக்கும். இரண்டாவதாக, அதன் எஃகுச் சட்டங்கள் யாவும் வெளியே தெரிகின்றன. எந்தச் சட்டம் துருப்பிடித்திருக்கிறது, எந்த ஆணி தளர்ந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். சாயம் பூசலாம். பழுதானதை மட்டும் கழற்றி மாற்றலாம்.

பார்க்க முடியாத இடத்தில் வரும் நோய் எவ்வளவு கொடியது என்பதற்கு இத்தாலி நாட்டின் ஜெனோவா நகரம் சான்று. 1967இல் திறக்கப்பட்ட மொராண்டி பாலம் 2018 ஆகஸ்ட் 14ஆம் நாள் இடிந்து விழுந்து 43 பேர் உயிரிழந்தனர். அப்பாலத்தைத் தாங்கிய எஃகு வடங்கள் கான்கிரீட்டுக்குள் புதைக்கப்பட்டிருந்தன. பாதுகாப்புக்கென்று செய்த ஏற்பாடே உள்ளே நடந்த அரிப்பை மறைக்கும் திரையாகிப் போனது.

அதே 2018 ஆகஸ்டு மாதத்தில் தமிழகத்தின் திருச்சியில் கொள்ளிடம் ஆற்றுப் பழைய பாலத்தின் தூண்கள் வெள்ளத்தில் சரிந்தன. 1928இல் கட்டப்பட்ட அப்பாலத்தில் முன்னரே போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்ததால் பேரிழப்பு நேரவில்லை. ஆற்றுப் பாலங்களுக்குப் பெரும்பகை அடிமண் அரிப்பே. வெள்ளம் தூணில் மோதிச் சுழலும்போது தூணின் காலடி மண்ணைத் தோண்டி எடுத்துச் செல்கிறது. கடற்கரையில் அலை திரும்பும்போது நம் பாதத்தின் கீழிருக்கும் மணல் நழுவுமே, அதைப் போன்றதுதான். மேலே பாலம் கம்பீரமாக நிற்கும். கீழே கால் நழுவிக்கொண்டிருக்கும்.

தமிழகத்திலேயே நெஞ்சை நெகிழ வைக்கும் இன்னொரு வரலாறும் உண்டு. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணி ஓடுகிறது. ஆற்றைக் கடக்கப் படகையே நம்பியிருந்த மக்களுக்காக ஒரு பாலம் தேவைப்பட்டது. ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராகப் பணிபுரிந்த சுலோச்சன முதலியார், பெருஞ்செலவைத் தாமே ஏற்று அப்பாலத்தைக் கட்டுவித்தார். 1843இல் அது திறக்கப்பட்டது. 1869ஆம் ஆண்டு வெள்ளத்தில் அதன் ஒரு பகுதி இடிந்தது. மக்கள் அதைக் கைவிடவில்லை. பழுது பார்த்து மீண்டும் பயன்படுத்தினர். பிற்காலத்தில் அகலப்படுத்தவும் செய்தனர். இன்றும் அவர் பெயரைத் தாங்கி அது நிற்கிறது. கொடுத்தவர் ஒருவர், காத்தவர்கள் பல தலைமுறையினர். பின்னவர்கள் இல்லையென்றால் முன்னவர் பெயரும் நிலைத்திருக்காது.

இன்றைய பொறியாளர்கள் பாலத்தின் வயதை முன்கூட்டியே முடிவு செய்கிறார்கள். 2014 மார்ச் முதல் நாள் திறக்கப்பட்ட பினாங்கு இரண்டாவது பாலம் 120 ஆண்டு ஆயுளுக்கென வடிவமைக்கப்பட்டது. கம்பியைச் சுற்றிக் கான்கிரீட் போதிய தடிப்பில் இருக்க வேண்டும். இல்லையேல் ஈரமும் உப்பும் புகுந்து கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். மழைநீர் தேங்காமல் வடிய வேண்டும். சோதனை செய்பவர் உள்ளே சென்று பார்க்க வழி இருக்க வேண்டும். விரைவில் தேயும் உறுப்புகளை, பாலத்தை இடிக்காமலே மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும்.

அவ்வாறு மாற்றத்தக்க உறுப்புகளில் ஒன்று, தூணுக்கும் மேல்தளத்துக்கும் இடையே வைக்கப்படும் தாங்கு மெத்தை. வெயிலில் பாலம் நீளும்போதும் குளிரில் சுருங்கும்போதும் அது நெளிந்து கொடுக்கிறது. அது எதனால் ஆனது தெரியுமா? பல பாலங்களில் அது இரப்பரால் ஆனது! இங்கிலாந்தின் லிங்கன் நகரில் பெல்ஹம் பாலத்துக்கு 1957இலேயே இயற்கை இரப்பர் மெத்தைகள் பொருத்தப்பட்டன. பல பத்தாண்டுகள் கழித்துச் சோதித்தபோதும் அவை நல்ல நிலையில் இருந்தன. பினாங்கு இரண்டாவது பாலத்தில், நிலநடுக்க அதிர்வையும் தணிக்கும் இயற்கை இரப்பர் மெத்தைகள் உள்ளன. விடியற்காலையில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போன நம் பாட்டிமார்களின் தொழில், உலகப் பாலங்களின் அடியில் அமர்ந்து சுமை தாங்குகிறது. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

இனி, நான் பார்த்த பாலத்தின் சாவுக்கு வருகிறேன். நான் பிறந்தது சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஓர் இரப்பர்த் தோட்டம். எங்கள் லயத்துக்கும் பள்ளிக்கும் இடையே ஓர் ஓடை. அதன்மேல் ஒரு பலகைப் பாலம். தோட்டத்துத் தச்சர் ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் வந்து, ஒவ்வொரு பலகையையும் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். சத்தத்தை வைத்தே உளுத்த பலகையைக் கண்டுபிடித்து மாற்றிவிட்டுத் தார் பூசுவார். பின்னர் தோட்டம் கைமாறியது. தச்சர் ஓய்வுபெற்றார். அவர் இடத்துக்கு எவரும் வரவில்லை. மூன்றாம் ஆண்டு மழையில் ஓர் இரவு பாலம் அடித்துச் செல்லப்பட்டது. தோட்டத்தார் ஊராட்சியைக் கைகாட்டினர். அங்கே கேட்டால் அது தனியார் நிலம் என்றனர். நாங்கள் இரண்டு மைல் சுற்றி நடந்தோம். தூரம் தாளாமல் சில பிள்ளைகள் பள்ளியையே விட்டனர். அவர்களில் ஒருத்தி என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவாள்.

அப்பாலத்தை வெள்ளம் கொன்றதாகவே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை. தச்சருக்குப் பின் யார் என்று எவரும் கேட்காத நாளிலேயே அது செத்துவிட்டது. வெள்ளம் பிணத்தை எடுத்துச் சென்றது, அவ்வளவே.

ஆகவே, எதிர்காலத் தலைமுறைக்குப் பாலம் கட்டுவதென்றால் வலுவான பொருளைத் தேடுவது பாதி வேலை. அதை யார் தட்டிப் பார்ப்பார், பழுதுக்குப் பணம் எங்கிருந்து வரும், பொறுப்பு யாருடையது என்பவற்றையும் கட்டும்போதே எழுதி வைப்பது மறுபாதி. பெற்றோர்கள் பள்ளி விடுமுறையில் காராய் செல்லும்போது பிள்ளைகளைப் படம் எடுக்க மட்டும் நிறுத்தாதீர்கள். தூணின் அடியைப் பார்க்கச் சொல்லுங்கள். துரு எங்கே என்று தேடச் சொல்லுங்கள். உங்கள் வீட்டருகே உள்ள சிறு பாலத்தின் கைப்பிடி உடைந்திருந்தால், பிள்ளையையும் அருகில் வைத்துக்கொண்டு உரிய அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுங்கள்.

அந்த மாணவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "பாலத்துக்கு வயது உண்டு தம்பி. அதைக் கூட்டுவதும் குறைப்பதும் நம் கையில் இருக்கிறது." மறுநாள் அவன் பள்ளி வாசல் வாய்க்கால் பாலத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். தாமதமாக வந்ததற்கு நான் கண்டிக்கவில்லை.